மஞ்சணத்தியும் சீத்தாவும் சொந்தமா?

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாய், படிக்கவே கஷ்டமாக இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் யாரிடம் பேசினாலும் இதே பேச்சுதான். இங்கே காங்கேயத்தில் ஓரளவு மழை பெய்து கொறங்காட்டில், அதுதான் மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் தலையெடுத்திருக்கிறது, மாடுகளுக்குத் தீவனக் கவலை இல்லை. அவருக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் காலையில் தோட்டம் வரை நடந்துவிடுகிறார். மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். அம்மிணி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சணத்திக் காய் குட்டிச் சீத்தாக்காய் மாதிரியே இருக்கிறதே, இரண்டும் சொந்தமா என்று கேட்டிருக்கிறாள். எத்தனையோ வருடம் தாவரவியல் பாடம் நடத்தியும் இவ்வளவு நல்ல கேள்வி என் வகுப்பில் அபூர்வமாகத்தான் வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக அவளுக்குப் படித்துக் காட்டு.

சொந்தமே இல்லை. மஞ்சணத்தி, அதுதான் நுணா, காப்பிச் செடியின் குடும்பம். சீத்தா வேறொரு குடும்பம், அமெரிக்காவின் வெப்பப் பகுதியிலிருந்து வந்தது. காயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது தெரியாது, பூவைப் பார்க்க வேண்டும். சீத்தாப்பூ ஒன்றைக் கிள்ளி அந்தத் தடித்த பச்சை இதழ்களை விலக்கினால் நடுவில் ஒரு சின்ன மேடு, அதில் நெருக்கமாகப் பல சூலிலைகள், அதாவது பூவில் விதையை உருவாக்கும் உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு விதையை வைத்துக்கொண்டு பருத்து, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆக சீத்தாவின் மேலே தெரியும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சூலிலை, எல்லாம் ஒரே பூவில் பிறந்தவை. இதைத் திரள்கனி என்போம். நுணாவில் கதையே வேறு. வெள்ளைப் பூக்கள் பல ஒரு பச்சை உருண்டையின் மேல் உட்கார்ந்திருக்குமே, அந்த உருண்டை அந்தப் பூக்களின் அடிப்பாகங்கள், அதாவது சூற்பைகள், ஒன்றோடொன்று ஒட்டி ஆனது. பூ உதிர்ந்த இடத்தில் விழும் வடுதான் நுணாக்காயில் கண் கண்ணாகத் தெரிவது. ஒரு கண்ணுக்கு ஒரு பூ. இது கூட்டுக்கனி.

அப்படியானால் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? சின்னச் சின்ன உருண்டைகளை ஒரு மேட்டில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பருக்கவிட்டால், ஒன்றையொன்று நெருக்கிக் கட்டம் கட்டமாகத்தான் ஆகும். அந்த உருண்டைகள் ஒரு பூவிலிருந்து வந்தவையா பல பூக்களிலிருந்து வந்தவையா என்பது தோலுக்குத் தெரியாது. உடுமலைப் பக்கம் பட்டுப்புழுவுக்கு வைக்கிற மல்பெரியின் பழமும் ஊட்டிப் பக்கம் புதர்களில் பழுக்கிற ராஸ்பெரி வகைக் காட்டுப்பழமும் இதே கதைதான்: மல்பெரி பல பூக்கள் சேர்ந்தது, மற்றது ஒரே பூ. பலாவும் மல்பெரியின் குடும்பமே, ஒரு சுளைக்கு ஒரு பூ. காயாக மாறாத பூக்கள்தான் சடையாக நின்றுவிடுகின்றன.

ஆகவே அம்மிணி முதலில் கேட்க வேண்டியது, இது ஒரு பூவா பல பூவா என்பது. அடுத்த கேள்விக்குக் கத்தி வேண்டும். நெடுக்கே வெட்டக் கூடாது, குறுக்கே வெட்டி அறைகளை எண்ண வேண்டும், விதை எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முருங்கைக்காயை எடுத்துக்கொள். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் பார்க்கிற இடமெல்லாம் முருங்கைதான், சாலையோரத்தில் சரக்கொன்றையும் நிற்கும். இளசாகப் பச்சையாகத் தொங்கும்போது தூரத்திலிருந்து எது எதுவென்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பமே வரும், இரண்டும் நீளம், இரண்டும் உருளை. வெட்டிப் பார். சரக்கொன்றை அவரை, புளியின் கூட்டம், ஒரே சூலிலை மடிந்து ஆன காய். விதைகள் ஒரு ஓரமாக மட்டுமே ஒட்டியிருக்கும். முற்றினால் உள்ளே குறுக்குத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்புக்கும் நடுவில் ஒரு விதை, கறுப்பாகப் பிசுபிசுக்கும் சதை. முருங்கையோ மூன்று சூலிலைகள் ஓரம் ஓரமாக இணைந்தது. விதைகள் மூன்று வரிசையாக நிற்கும், ஒவ்வொரு விதைக்கும் மூன்று இறக்கை, காய்ந்ததும் காய் மூன்றாகப் பிளக்கும். முருங்கை மாதிரி பல சூலிலை சேர்ந்து, காய்ந்ததும் பிளப்பது கேப்சூல், கொன்றை மாதிரி ஒரே சூலிலையில் ஆன அவரை வகைக் காய் லெகூம். முதலாவது கேள்விக்கு இரண்டும் ஒரே பதில்தான், ஒரு பூ ஒரு காய். இரண்டாவது கேள்வியில் பிரிந்துவிடுகின்றன.

முருங்கைக்கு நெருங்கிய சொந்தம் யார் என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். பப்பாளியும் கடுகும்! 1998இல் உலகத் தாவரவியலாளர்கள் பலர் சேர்ந்து மரபணுவைக் கொண்டு பூக்கும் தாவரங்களின் வரிசைகளை, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பெரும்பிரிவுகளை, மாற்றி அமைத்தபோது இந்த மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். மரபணு வரைக்கும் போகாமல் அம்மிணிக்கு இதை நாக்கிலேயே காட்டலாம். பப்பாளி விதை ஒன்றைக் கடித்தால் கடுகின் காரம் வரும். முருங்கை வேரைக் கீறி முகர்ந்தாலும் அதே நெடிதான், மூன்றிலும் ஒரே வகை ரசாயனம். பார்வைக்கு மூன்று காய்களும் மூன்று திசையில் நிற்கின்றன, உறவு என்னவோ அவற்றுக்குள்தான்.

கடுகுக் காயும் சின்ன அவரைக்காய் மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்த்தால் நடுவில் கண்ணாடி போல மெல்லிய ஒரு சவ்வு, இரண்டு பக்கமும் விதை. இரண்டு சூலிலை என்று அதுவே சொல்லிவிடும்.

உன் தோட்டத்திலேயே ஒரு நல்ல ஜோடி இருக்கிறது, தென்னையும் பனையும். இரண்டுக்கும் சூலிலை மூன்று. பனையில் மூன்றும் ஆளுக்கொரு விதை வைக்கும், அதனால்தான் பனங்காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று நுங்கு. தேங்காயில் ஒன்றுதான் வளர்கிறது, மற்ற இரண்டும் கண்களாக மட்டும் மிஞ்சுகின்றன. முளை வருவது வளர்ந்த அந்த ஒன்றின் மெல்லிய கண் வழியாகத்தான். தேங்காய் உரிக்கிறபோதெல்லாம் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லிவை. டாப்சிலிப், ஆழியாறு பக்கம் போனால் மலையடிவாரக் காட்டில் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக எட்டிப்பழம் தொங்கலாம். எட்டி பழுத்தென்ன என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை, விதையில் இருக்கும் நஞ்சு ஆளைக் கொல்லும். வெளியே ஆரஞ்சு, உள்ளே சுளை கிடையாது, சதைக்குள் பட்டன் மாதிரி தட்டை விதைகள் மட்டும். ஆரஞ்சின் நிஜமான சொந்தக்காரர்கள் விளாவும் வில்வமும்தான், ஓடு கெட்டியாக இருப்பதால் யாருக்கும் தோன்றாது. வில்வக்காயைக் குறுக்கே அறுத்தால் ஆரஞ்சைப் போலவே வட்டமாக அறைகள் தெரியும். விளாவில் அந்த அறைகள் தெரியாது, ஒரே குழியில் சதையும் விதையும் கலந்து கிடக்கும், அங்கே காயை விட இலைதான் துணை: வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிக்குத்து மாதிரி புள்ளிகள் தெரியும், கசக்கினால் வாசம் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாவற்றிலும் அதே எண்ணெய்ப் புள்ளிதான். எட்டி இலையில் அது இல்லை, அடியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்பு கிளம்பும். அதே போல வேலியோரம் ஊமத்தங்காயும் ஆமணக்குக் காயும் முள்ளும் உருண்டையுமாக இருக்கும், இரண்டும் நஞ்சு. ஆமணக்கில் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஊமத்தை கத்தரிக்காயின் இனம், உள்ளே கணக்கில்லாத விதை. பெரியவர்கள் வெட்டிக் காட்டிவிட்டுக் கையைக் கழுவினால் போதும், அம்மிணி தொட வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் பெர்ரி, ட்ரூப், பெப்போ, ஹெஸ்பிரீடியம் என்று காய் வகைகளின் ஒரு பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். பண்ணட்டும், தேர்வுக்கு வேண்டும். ஆனால் அந்தப் பெயர்கள் உறவைச் சொல்வதில்லை என்று யாராவது சொல்லித்தர வேண்டும், இதில் எனக்கு உண்மையிலேயே ஆதங்கம் உண்டு. வாழைப்பழமும் தக்காளியும் இரண்டுமே பெர்ரிதான், அதற்காக வாழையும் தக்காளியும் பங்காளி ஆகிவிடுமா? மாங்காயும் வேப்பங்காயும் தேங்காயும் ட்ரூப், அதாவது உள்ளே கெட்டி ஓட்டுக்குள் விதை இருக்கும் காய், ஆனால் மூன்றும் மூன்று குடும்பம். காயின் வகை என்பது அது எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்வது. குடும்பம் என்பது பூ, இலை, விதை, இப்போது மரபணு, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. ஜோசப் கேர்ட்னர் என்ற ஜெர்மானியர் 1788லேயே காய்களையும் விதைகளையும் ஏராளமாக அறுத்து வரைந்து புத்தகமாகப் போட ஆரம்பித்துவிட்டார். கத்தியும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு அவர் பார்த்ததைத்தான் நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறதே, 1955இல் ஆரம்பித்தது, வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள், அங்கே உலர்த்தி ஒட்டிவைத்த செடிகள் அடுக்கடுக்காக உண்டு. பூவும் காயும் சேர்ந்த கிளையைத்தான் அங்கே நல்ல மாதிரி என்பார்கள். உலர்ந்தபின் நிறமும் வாசமும் போய்விடும், பறித்த இடத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

அம்மிணிக்கும் அதையே சொல். ஒரு நோட்டு வாங்கிக்கொடு. நுணாவில் ஒரு கிளையும் சீத்தாவில் ஒரு கிளையும் பூவோடு பறித்துப் பழைய பேப்பருக்கு நடுவில் அழுத்தி வைக்கட்டும், தேதியும் ஊரும் நிறமும் எழுதட்டும், காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபடியே வரையட்டும். பள்ளி விடுமுறையில் இரண்டு பேரும் இங்கே வாருங்கள், என் உருப்பெருக்கி சும்மாதான் இருக்கிறது. வரும்போது உன் தோட்டத்து ஜாதிக்காய் ஒன்றிரண்டு ஓட்டோடு எடுத்துவா, அதையும் வெட்டிப் பார்க்கலாம். தென்னைக்கு என்ன செய்தாய் என்றும் எழுது.

உன்,
மயிலா