புறவழிச் சாலைக்கு முன் பழைய ஆலைச் சாலையைச் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தோட்டப் பட்டணக் குடியிருப்பாளர்கள், லோரி ஓட்டுநர்கள், சாலைப் பராமரிப்பு வேலையாட்கள்

பெறுநர்:
மாவட்டப் பொறியாளர், பொதுப்பணித் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

பட்டணத்துக்குப் புறவழிச் சாலை வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அதன் இரு முனைகளும் இதே பழைய சாலையில்தான் வந்து சேர்கின்றன. செம்பனை ஆலையும் இதில்தான் இருக்கிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் மழையென்று லோரி நிற்காது. ஆகவே டெண்டர் விடுமுன் பழைய சாலையைச் சீர்செய்யக் கோருகிறோம்.

குழி அடைக்கும் வேலை நடக்காமல் இல்லை. தண்ணீர் நிற்கும் குழியில் பிரிமிக்ஸை (சூடாகக் கலந்த தார்-கல் கலவையை) கொட்டி, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த அடைமழையில் பெயர்ந்துவிடுகிறது. சாலையோர மண் புல் மண்டித் தாரைவிட உயர்ந்துவிட்டதால், மழைநீர் கால்வாய்க்குப் போக வழியில்லை. ஓரத்தில் தேங்கி, வெடிப்பு வழியே இறங்கி, தாருக்கு அடியிலுள்ள கல் அடுக்கை ஊறவைக்கிறது. வெடிப்பைச் சுற்றிச் சாம்பல் நிறச் சேற்றுக் கறை தெரிகிறதல்லவா, அது சக்கரம் ஏறும்போதெல்லாம் அடித்தளத்திலிருந்து பீய்ச்சி வந்த பொடி.

எனவே முதலில் ஓரமண்ணைச் சீவிக் கால்வாய்ப் பக்கம் சரிவு கொடுத்து, கால்வாயைத் தூர்வார வேண்டும். அடுத்தது தோட்ட முச்சந்தியருகே, சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் மதகுக் குழாய். அதன்மேல் சாலை தாழ்ந்திருக்கிறது. மூட்டு விலகிச் சுற்றுமண் குழாய்க்குள் கசிந்து போனால்தான் இப்படித் தாழும். தார் நிரப்பினால் பள்ளம் மறையுமே தவிர, அடியில் உள்ள பொந்து வளர்ந்துகொண்டே போகும். கேமரா விட்டுப் பார்த்து, தோண்டி, மூட்டைக் கட்டி, மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாக இறுக்கி மூட வேண்டும்.

அதன்பிறகே குழிகள். நல்ல தார் வரை நேர்கோட்டில் அறுத்து, ஊறிய கல்லை முழுக்க அள்ளி, கிரஷர் ரன் (பொடியோடு சேர்ந்த உடைகல்) போட்டு இறுக்கி, பக்கங்களிலும் தார்க்குழம்பு பூச வேண்டும். பிரிமிக்ஸை 50 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டுச் சூட்டோடு ரோலர் ஓட்ட வேண்டும். 80 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. காலையில் ஏற்றிய கலவை மதியம்வரை லோரியில் கிடப்பதற்கு மேற்பார்வையாளர் இடம் தரக்கூடாது.

லோரிகளின் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். சாலைச் சேதம் அச்சுப் பாரத்தின் (ஒரு சக்கர அச்சு தாங்கும் எடையின்) ஏறத்தாழ நான்காம் அடுக்கில், அதாவது அந்த எடையை நான்கு முறை பெருக்கிய விகிதத்தில், கூடும் என்று அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனை காட்டியது. 20 விழுக்காடு கூடுதல் பாரம் என்றால் ஏறக்குறைய இருமடங்குச் சேதம். லோரிகள் எவ்வளவு பாரம் ஏற்றுகின்றன என்று ஆலையின் எடைச்சீட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். லோரி ஓட்டுநர்களும் இந்தச் சரிபார்ப்புக்குச் சம்மதித்தே கையெழுத்திட்டுள்ளனர்.

மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 109ஆம் விதிப்படி மாநிலங்களுக்குச் சாலை மானியம் கிடைக்கிறது. மாரிஸ் (MARRIS) எனும் அரசாங்கச் சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளுக்கே அது கணக்கிடப்படும். முச்சந்தியிலிருந்து ஆலைவரை உள்ள துண்டு மாநிலச் சாலையா, தோட்டத்துச் சாலையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பதிவு இருந்தால் அதன் எண்ணைத் தாருங்கள். இல்லையென்றால் நில அலுவலகத்தோடு பேசிப் பதிவுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அக்டோபர் மழைக்கு முன் மதகுச் சோதனையை முடித்து, அறிக்கையின் நகலை எங்களுக்குத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கையெழுத்திட்டோர்
(கையொப்பப் பட்டியல் இணைப்பில்)