மூன்றாம் சரணம்

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தென்னமட்டை விழுந்து பின்கட்டில் நாலு ஓடு உடைந்தது, மாற்றியாயிற்று.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் மனசு ஒன்று நினைக்கிறது, வாய் வேறொன்று கேட்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை "அங்கே மழையா?" என்று மூன்று தடவை கேட்டேனாம். அம்மா சொல்லிச் சிரிக்கிறாள். அப்போது இங்கே மணி இரண்டரை, அங்கே பத்து. நீ கோயிலில் இருப்பாய், எடுக்கமாட்டாய், ஆராதனை முடிந்து பார்த்துவிட்டுக் கூப்பிடட்டும் என்றுதான் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய்.

நைட் டூட்டி முடிந்து வந்திருப்பாய். கோயிலும் தூரம் என்று மாப்பிள்ளை முன்னமே சொல்லியிருக்கிறார். அந்தக் குளிரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க முடியுமா? நான் ஒன்றும் கேட்கவில்லை. டூட்டிக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிவிட்டுப் போ. காதை மூடிக்கொண்டு போ. பிள்ளைக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, தினமும் ஒரு எழுத்து போதும்.

சீமையில் ஒரு வார்டையே என் மகள் பார்த்துக்கொள்கிறாள் என்று நம் சபைச் சேகரத்தில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அதை உன்னிடம்தான் சொன்னதில்லை.

தாத்தா பாட்டு எழுதின நோட்டு விஷயம். "அது அங்கேயே இருக்கட்டும்ப்பா" என்று நீ சொன்னபிறகு நான் மறுபடி எடுக்கவில்லை. ஆனால் கொயர்ப் பையன் ஒருவன் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து டைப் அடிக்கிறான். நாற்பத்து மூன்று பாட்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ராகம் தாளம், அடியில் எந்த ஊரில் எழுதினது என்ற குறிப்பு. சபையில் உபதேசியாராயிருந்த தாத்தாவின் சம்பளத்தில் காகிதம் வாங்க வழி ஏது? கருப்பட்டி வியாபாரியின் பழைய கணக்கு நோட்டில், கணக்கு எழுதாமல் விட்ட பக்கங்களில் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் நாலு சிப்பம் கருப்பட்டி, மறுபக்கத்தில் கெத்செமனேத் தோட்டத்துப் பாட்டு.

பையன் பனம்பாளைப் பாட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டான். கலயத்தில் ஏன் சுண்ணாம்பு தடவவேண்டும் என்று கேட்கிறான். பனைக்கு நடுவில் பிறந்த பயல்! சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் பொழுது ஏறுமுன் கள்ளாய்ப் புளித்துவிடும் என்று விளக்கினேன். காலையும் மாலையும் ஏறிப் பாளையின் நுனியை ஒரு மயிரிழை சீவவேண்டும். ஒரு நாள் விட்டாலும் காய்ந்து அடைத்துக்கொள்ளும், பிறகு சொட்டு விழாது. தாத்தா இதையெல்லாம் விளக்கவில்லை. பனையேறிகளுக்கு விளக்கவேண்டிய அவசியம் என்ன?

பாளை சீவும் கையைப் போல என்னைச் சீவும் கர்த்தரே
நாளும் சீவ நோகும் என்றால் ஊறும் கிருபை போதுமே

யோவான் பதினைந்தில் கனிகொடுக்கிற திராட்சக்கொடியைப் பிதா சுத்தம்பண்ணுகிறார் என்று வருகிறதே, அந்த வசனந்தான். திராட்சைத் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத சனத்துக்கு அவர் அதைப் பனையில் ஏற்றிக் கொடுத்தார். கேட்ட கிழவர்கள் அழுவார்களாம், ஆச்சி சொல்லியிருக்கிறாள்.

வேதநாயக சாஸ்திரியார் கதையை நான் தொடங்கினாலே நீயும் தம்பியும் கண்ணைக் காட்டிக்கொள்வீர்கள். இன்றைக்கு ஒரு தடவை பொறுத்துக்கொள். 1774-ல் நம் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், பன்னிரண்டு வயதில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய், தஞ்சை இளவரசர் சரபோஜியோடு ஒன்றாகப் படித்து, பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி யாருடைய சொத்து? சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் தேவதாசிகள் ஆடின காலம் அது. சிங்கன், சிங்கி, குறி சொல்வது, பறவை பிடிப்பது எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் கிறிஸ்துவுக்கென்று வைத்தார். போதாததற்கு, சூரியனைக் கிரகங்கள் சுற்றும் வானசாஸ்திரத்தையும் உள்ளே கொண்டுவந்தார். சாதி விஷயத்தில் அவர் எழுதினது எனக்குச் சம்மதமில்லை, அதை நான் உங்களிடம் மறைத்ததும் இல்லை. பாட்டு விஷயத்தில் மிஷனரிமாரோடு அவர் போட்ட சண்டையில் மட்டும் நான் அவர் பக்கம். ஜெர்மன் மெட்டில் மொழிபெயர்த்த ஞானப்பாட்டு போதும், தமிழ்க் கீர்த்தனை கோயிலுக்குள் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் பணிந்து போயிருந்தால் இன்றைக்கு நாம் எதைப் பாடுவோம்?

சாயர்புரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணபிள்ளை கதையும் அதேதான். வைணவத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-ல் ஞானஸ்நானம் வாங்கினவர். ஜான் பனியன் எழுதின இங்கிலீஷ் கதையை எடுத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் இரட்சணிய யாத்திரிகமாக்கினார். அது 1894-ல் அச்சானது. தான் படித்த கம்பனை வாசலில் கழற்றி வைத்துவிட்டா அவர் கோயிலுக்குள் போனார்? முப்பத்தொரு வருஷம் வகுப்பில் இதைத்தான் பாடமாக நடத்தினேன். ஒரு தலைமுறை தன் கையில் இருக்கிற சட்டியில்தான் சமைக்கவேண்டும் என்று கரும்பலகையில் எழுதியே போட்டிருக்கிறேன்.

நான் இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குப் பதினேழு வயது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும், கொயர் பயிற்சி. தாத்தாவின் பாளைப் பாட்டுக்கு வேறு மெட்டு போட்டிருக்கிறேன் என்று நீ கீபோர்டு முன்னால் உட்கார்ந்தாய். செஞ்சுருட்டி ராகமும் இல்லை, ஆதி தாளமும் இல்லை. மூன்று மூன்றாகப் போயிற்று. "நோகும்" என்ற இடத்தில் ஒரு அட்சரம் நிறுத்தி, மூச்சு எடுத்து, "என்றால்" என்று மேலே போனாய். இரண்டு சரணம் பாடினாய். நான் ஆர்மோனியத்தின் துருத்தியை அடைத்துவிட்டு, "என்னம்மா, தாலாட்டா? கோயிலில் யாரைத் தூங்க வைக்கப்போகிறாய்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கீபோர்டுக்கு உறை போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ஆல்டோ வரிசையில் போய் நின்றாய். அதற்குப் பிறகு நீ எந்த மெட்டும் போட்டு நான் கேட்கவில்லை.

அது நல்ல மெட்டு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வராதது உனக்கு வந்துவிட்டது, அதுதான் காரணம். நாற்பது வருஷம் ஆர்மோனியம் வாசித்தேன், சொந்தமாய் ஒரு மெட்டு எனக்கு அமைந்ததில்லை. அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இன்னும் மோசமானது இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கோயில் அசன விருந்துக்குப் பிள்ளைகள் புதுப்பாட்டு கேட்டார்கள். உன் மெட்டைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கோயில் நிறைய சனம், வெளியே அண்டாவில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வாசலுக்கு வந்துவிட்டார்கள். சபைப் பாதிரியான ஐயர் என் கையைப் பிடித்து, "மெட்டு யாருடையது அண்ணாச்சி?" என்றார். "எங்க அப்பா போட்டது" என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவேண்டியதுதானே? கொயர் பயிற்சியில் அன்று நான் சொன்னது நினைவுள்ள ஆட்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள். வெட்கம்.

இப்போது பக்கத்துச் சேகரத்துப் பிள்ளைகளும் அதைத்தான் பாடுகிறார்கள். கீர்த்தனைப் புத்தகத்தில் போடுகிறமாதிரி அந்தப் பையன் பாட்டுக்கு அடியில் பெயர் போடுகிறான். "மெட்டும் தாத்தாதானே?" என்று கேட்டான். மூன்று நாளாகப் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன் பெயரைப் போடச் சொல்கிறேன். வேண்டாம் என்றால் எழுது, ஆனால் வேண்டாம் என்று சொல்லாதே. கல்யாணத்துக்கு முந்தின இனிஷியலா, இப்போதுள்ளதா என்றும் எழுது.

போன ஞாயிறு நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால் பொங்குகிறது என்று நீ போனை மேசையில் சாய்த்துவிட்டுப் போனாய். எனக்கு உங்கள் வீட்டு விட்டம்தான் தெரிந்தது. சின்னவன் எங்கோ கீழே உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டு முனகினான். வார்த்தை இல்லை. மூன்று மூன்றாக வந்தது. ஒரு இடத்தில் நின்றது. ஒரு அட்சரம் விட்டு, மறுபடி மேலே எடுத்தான்.

என் இடது காது இப்போது சரியில்லை. பிள்ளைகள் எதைத்தான் முனகாது? நீ திரும்பி வந்ததும் அதைத்தான் கேட்கவந்தேன். "அங்கே மழையா?" என்று கேட்டேன்.

ஒரு உதவி. கொயரில் மூன்றாம் சரணம் ஒட்டவில்லை. நீ பாடப்போகும் நேரத்தில் நான் துருத்தியை அடைத்துவிட்டேன், அதனால் அதைக் கேட்கவே இல்லை. முதல் சரணத்தையே திருப்பிப்போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரிகிறது. நினைவிருந்தால் வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பு. கீபோர்டு வேண்டாம், சும்மா குரலில் போதும். சின்னவன் பாடினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அனுப்பினாலும் சரி.

ஜெபம் பண்ணாமல் டூட்டிக்குப் போகாதே. காதை மூடிக்கொள்.

என்றும் ஜெபிக்கும்,
அப்பா

பி.கு.: உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவும் முதலூர் மஸ்கோத் அல்வாவும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். உன் தோழி ஊருக்கு வந்தால் கொடுத்துவிடலாம். கருப்பட்டியைப் பிரிட்ஜில் வைக்காதே, கசிந்துவிடும். போன தடவையும் வைத்துவிட்டாய்.