கட்டைவிரல் வலியும் வயசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டு மாற்று சிகிச்சை என்றாலே பத்திரிகைகளில் முழங்காலும் இடுப்பும்தான் வருகின்றன. கட்டைவிரலின் அடிமூட்டுக்கும் அது உண்டு என்பதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 67. முப்பது வருடத்துக்கு மேல் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். முதலில் கத்தரிக்கோல் பிடிக்கும்போது மட்டும் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி, சுருக்கென்று வலிக்கும். அப்புறம் பாட்டில் மூடி திறக்க முடியவில்லை, சாவி திருப்ப முடியவில்லை, கொக்கி வைக்க ஊசியைப் பிடித்தால் நழுவி மடியில் விழும். பார்த்த மருத்துவர் "வயசானா அப்படித்தான்மா" என்று வலி மாத்திரை எழுதினார். மூன்று வருடம் அதையே விழுங்கினேன், ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு கை அறுவை சிகிச்சை நிபுணர்தான் படம் எடுத்துக் காட்டினார். குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம் என்றார். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்திப் பிடித்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்குமாம், அதைக் கேட்டதும் அத்தனை வருடக் கத்தரிக்கோலும் நினைவுக்கு வந்தது.

பட்டை போட்டோம், ஊசி போட்டோம், சில மாதம்தான் தாங்கியது. அப்புறம் இரண்டு வழி சொன்னார். அடியில் உள்ள ட்ரபீசியம் என்ற சின்ன எலும்பை எடுத்துவிடுவது ஒன்று, 1949 முதல் இருக்கும் முறை, வலி போகும், ஆனால் கைக்குப் பலம் திரும்ப மாதக்கணக்காகும். இன்னொன்று குட்டிப் பந்தும் கிண்ணமுமாகச் செயற்கை மூட்டு வைப்பது, பிரான்சில் 1970களில் தொடங்கியது. விரல் குட்டையாகாது, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மூட்டு நழுவலாம், கிண்ணம் தளரலாம், அப்படியானால் அதைக் கழற்றிவிட்டு எலும்பை எடுக்க வேண்டிவரும்.

நான் எலும்பை எடுக்கச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து மறுபடி கொக்கி வைத்தேன், ஊசி நழுவவில்லை. என் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே வலி, அவர் செயற்கை மூட்டையே விரும்பலாம், அது அவர் முடிவு, ஆனால் இரண்டையும் யாராவது அவரிடம் சொல்ல வேண்டுமே!

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு கை நிபுணரை எழுதச் சொல்லுங்கள், எக்ஸ்ரே படத்தோடு.

ஒரு வாசகி,
ஈரோடு