பொம்மை கையில் இருக்கிறது, செயலி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன் திரையில் பொம்மையை வைத்தால் விளையாட்டு திறக்கும், அட்டையை வைத்தால் பாட்டு வரும், ஸ்டாம்ப் குத்தினால் கூப்பன் ஏறும் என்று இந்த மாதிரிப் பொருட்களைப் பற்றித் தொழில்நுட்பப் பக்கங்களில் வரும்போதெல்லாம் 'மாயம்', 'அதிசயம்' என்றுதான் எழுதுகிறீர்கள். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது, அதை மட்டும் யாரும் எழுதுவதில்லை: அந்தச் செயலி எத்தனை நாளைக்கு இருக்கும்?

இதை ஏன் கேட்கிறேன் என்று புரிய, அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொம்மைக்குள் ஏதோ சிப் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில் வைக்கும் வகையில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் கிடையாது, பேட்டரிகூட இல்லை. நம் போன்களின் தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன, விரல் வரும் இடத்தில் அவற்றுக்கு இடையே உள்ள மின்புலத்தில் கொஞ்சம் விரலுக்குப் போய்விடுகிறது, அந்தக் குறைவைத்தான் போன் தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. (யோசனை ஒன்றும் புதிதல்ல, இங்கிலாந்தில் ராயல் ரேடார் நிறுவனத்தில் இருந்த இ. ஏ. ஜான்சன் 1965லேயே விரலால் தொடும் திரையைப் பற்றி எழுதிவிட்டார்.) ஆகவே விரல்தான் வேண்டும் என்றில்லை, மின்சாரம் கடத்தும் எதுவாக இருந்தாலும் சரி, நம் உடம்போடு அது தொடர்பில் இருந்தால் போதும்.

பொம்மையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மூன்றோ ஐந்தோ சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும், அநேகமாகக் கறுப்பு ரப்பரில். அவற்றுக்கு இடையே உள்ள தூரங்கள்தான் அந்தப் பொம்மையின் அடையாளம். 3 பொட்டு என்றால் 3 தூரங்கள், 5 பொட்டு என்றால் 10. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அவை மாறுவதில்லை, அதனால் இது எந்தப் பொம்மை, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்ற இரண்டையும் செயலி ஒரே நேரத்தில் கண்டுபிடித்துவிடும். பொருளுக்குள் இருப்பது இவ்வளவுதான்.

நம்பிக்கை இல்லாதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், செயலி எழுதுகிறவர்களுக்காக உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்தால், திரையின் மேல் ஓரத்தில் எத்தனை தொடுகை விழுகிறது என்ற எண் தெரியும். கெட்டி அட்டைத் துண்டில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மூன்று மேடுகளைத் தள்ளித் தள்ளி ஒட்டி, அதன் மேல் அலுமினியம் ஃபாயிலைச் சுற்றுங்கள். ஃபாயிலில் விரல் படும்படி பிடித்துக்கொண்டு திரையில் வைத்தால் எண் 3 ஆகும். மேடுகள் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் இரண்டு ஒன்றாகிவிடும், ரொம்பப் பெரிதாக இருந்தால் உள்ளங்கை பட்டுவிட்டது என்று போன் ஒதுக்கிவிடும். அப்புறம் கையை மட்டும் மெதுவாக எடுத்துப் பாருங்கள். அட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், எண் பெரும்பாலும் 0க்குப் போய்விடும்.

இதுதான் வடிவமைக்கிறவர்களுக்குத் தலைவலி. 2011இல் ஐபேடுக்காக டிஸ்னி கொண்டுவந்த 'ஆப்மேட்ஸ்' கார்களைப் பக்கவாட்டு ஜன்னலில் விரல் படும்படி பிடித்து ஓட்ட வேண்டியிருந்தது இதனால்தான். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: பொட்டுகளை ஒன்றோடொன்று மின்கடத்தியால் இணைத்துவிட்டால், திரை ஒரு பொட்டை அளக்கும் நேரத்தில் மின்புலத்தை வாங்கிக்கொள்ளும் நம் உடம்பின் வேலையை மற்றப் பொட்டு செய்துவிடும், கையை எடுத்தாலும் பொருள் தெரியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான், செலவே இல்லாத தந்திரம். ஆனாலும் அசையாமல் கிடக்கும் தொடுகையைச் சில திரைகள் சிறிது நேரத்தில் உண்மையான தொடுகை அல்ல, வெறும் மின் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும், ஏனென்றால் போன் செய்கிறவர்கள் விரலை மனதில் வைத்துத்தான் திரை செய்கிறார்கள், பொம்மையை யாரும் நினைப்பதில்லை.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. தடித்த ஸ்கிரீன் கார்டு, ஈரக் கை, மூன்று விரலால் இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி, எல்லாமே குறுக்கே வரும். ஐபோனில் ஒரே நேரத்தில் 5 தொடுகைகள்தான் எடுபடும், ஆகவே 5 பொட்டு ஸ்டாம்ப் வைக்கும்போது வேறொரு விரல் ஓரத்தில் பட்டாலே கணக்கு குழம்பும். இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழகிக்கொள்ள முடியாதது ஒன்று: பார்வையற்றோர் பயன்படுத்தும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் வசதிகளை ஆன் செய்திருந்தால் விரல் தொடுகைகளை முதலில் அவைதான் எடுத்துக்கொள்ளும், செயலி செய்தவர் தனியாகக் கவனித்து வழி விடாவிட்டால் பொம்மை திறக்காது. கையால் தடவி அறியும் பொருள் யாருக்கு அதிகம் உதவுமோ அவர்களுக்கே இது வேலை செய்யாமல் போகிறது. இதையும் எந்த அறிமுகக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பொம்மை இருக்கிறது, யார் செய்தது என்பது வேண்டாம். உடையவில்லை, தேயவில்லை, நான் சொன்ன சோதனையில் பொட்டுகள் மூன்றும் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆனால் அதற்கான செயலி ஸ்டோரில் இல்லை, பழைய டேப்லெட்டில் இருந்ததும் ரீசெட் செய்தபோது போய்விட்டது. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதற்கு அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டதாக நாலு வரி பதில் வந்தது. பொம்மைக்காகக் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி செயலிக்கான பணம் என்பது அப்போதுதான் உறைத்தது. கையில் இருப்பது வெறும் சாவி, வீடு வேறு யாருடையதோ.

இது ஒரு நிறுவனத்தின் கதை அல்ல. 2017இல் ஐபோன், ஐபேடுகளை இயக்கும் ஆப்பிளின் ஐஓஎஸ் 11 வந்தபோது, 32 பிட் என்ற பழைய முறையில் எழுதிய செயலிகள் எதுவும் அதில் ஓடவில்லை. 2011, 2012 வாக்கில் ஐபேடுக்காக வந்த பொம்மைகளின் செயலிகள் அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை, பிறகு யாரும் புதுப்பிக்காத எல்லாமே அந்த அப்டேட்டோடு முடிந்தன. வேடிக்கை என்னவென்றால், ஐபோன் 7 முதல், பக்கத்தில் கொண்டுபோனாலே கம்பியில்லாமல் படிக்கக்கூடிய என்எஃப்சி சிப் வைத்த அட்டைகளையும் பொம்மைகளையும் மற்றவர்களின் செயலிகள் படிக்க ஆப்பிள் அனுமதித்ததும் இதே ஐஓஎஸ் 11இல்தான். ஒரு வகைப் பொருளுக்குக் கதவு திறந்த அதே நாளில் இன்னொரு வகைக்கு மூடியது, இரண்டு முறையும் பொருளை வாங்கி வைத்திருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

இதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. 2011இல் வந்த 'ஸ்கைலேண்டர்ஸ்', 2013இல் வந்த 'டிஸ்னி இன்ஃபினிட்டி' பொம்மைகளில் சிப் உண்டு, டிவியோடு இணைத்த கேம் கன்சோலில் ஒரு மேடை மேல் வைத்து விளையாட வேண்டும். டிஸ்னி இன்ஃபினிட்டியை 2016இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பழைய கன்சோலும் டிஸ்கும் வைத்திருப்பவர் அந்தப் பொம்மையை எடுத்து மேடையில் வைத்தால் அது இன்றும் திறக்கும். விளையாட்டு அவர் வீட்டு டிஸ்கில் இருக்கிறதே. சிப்பா ரப்பர் பொட்டா என்பதைவிட, திறக்கப்படும் சமாச்சாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

போனில் இதற்கு வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. பல தொடுகைகளை ஒரு சாதாரண இணையப் பக்கமே படிக்க முடியும், அதற்கான விதிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2013லேயே வெளியிட்டுவிட்டது. செயலியே வேண்டாம், பிரவுசரில் பக்கத்தைத் திறந்து பொருளை வைத்தால் போதும். ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு போனின் திரையும் உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் என்பது பக்கத்துக்குச் சரியாகத் தெரியாது, ஆகவே தூரத்தை நம்பாமல் தூரங்களின் விகிதத்தையும் கோணத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், அதனால் வேறுபடுத்தக்கூடிய பொருட்களின் எண்ணிக்கை குறையும். ஒரு பெட்டியில் ஆறோ எட்டோ பொம்மைகள் வருகிற விளையாட்டுக்கு அது தாராளம். இணையப் பக்கமும் ஒருநாள் நிற்கும்தான், ஆனால் ஒரு பக்கத்தைச் சேமித்து வேறோர் இடத்தில் ஏற்றுவது எளிது, செயலியை அப்படிச் செய்வது அவ்வளவு எளிதல்ல.

கூப்பன் ஸ்டாம்ப் வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. தென்கொரியாவிலும் ஜப்பானிலும் இது புழக்கத்தில் உள்ள முறைதான், ஆனால் பொட்டுகள் மட்டும் உள்ள ஸ்டாம்ப் என்றால் அதே இடைவெளியில் ஃபாயில் ஒட்டி யாரும் இன்னொன்று செய்துவிடலாம். எந்த நேரத்தில், எந்தப் போனில், எத்தனை முறை குத்தப்பட்டது என்று சர்வர் சரிபார்க்கிறதா என விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தயாரிப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் நான்கு விஷயம் அச்சிடட்டும்: செயலி வேண்டுமா, இணையம் இல்லாமல் ஓடுமா, எந்தப் போன்களில் சோதித்தார்கள், குறைந்தது எந்த ஆண்டு வரை செயலியைப் புதுப்பிப்பார்கள். நிறுத்துவதாக இருந்தால் பொட்டுகளின் அளவுகளையும் விளையாட்டின் கோப்புகளையும் பொதுவில் வெளியிடட்டும், மற்றதை ஆர்வமுள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த முறை இப்படி ஒரு பொருளை அறிமுகப்படுத்தும்போது, இந்த நான்கு கேள்விகளையும் அந்த நிறுவனத்திடம் கேட்டு, பதிலை விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் அங்கேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்