கலவை விகிதம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறுசுழற்சி பிளாஸ்டிக் கலவைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் அட்டவணை, எந்தப் பாலிமருடன் (பிளாஸ்டிக்கின் மூலப்பொருளுடன்) எதை எத்தனை விழுக்காடு சேர்த்தால் எவ்வளவு வலிமை கிடைக்கும் என்று சொல்கிறது. அந்தக் கலவைகள் எப்படி உருக்கப்பட்டன, எப்படிக் குளிர்ந்தன என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் நெருங்கிய உறவுக்காரர்கள்தாம்; ஆனால் உருகிய பிறகும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. அளவில் குறைந்தது துளித்துளியாகச் சிதறி மற்றதன் நடுவே நிற்கிறது; கலவையின் வலிமை இத்துளிகளின் அளவையும் வடிவத்தையும் சார்ந்தது. அத்துளிகள் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு நுணுகுமா, பத்து மைக்ரானிலேயே நின்றுவிடுமா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இரண்டின் பாகுத்தன்மைக்கும், அதாவது பாய்வதற்குக் காட்டும் எதிர்ப்புக்கும், இடையிலுள்ள விகிதம். அந்த விகிதமோ வெப்பநிலையோடும், உருக்கும் எந்திரத்தில் சுழன்று கலக்கும் ஸ்க்ரூவின் வேகத்தோடும் மாறக்கூடியது. துளியின் பாகுத்தன்மை சூழ்ந்திருப்பதைப் போல ஏறத்தாழ 4 மடங்கைத் தாண்டிவிட்டால், அடுக்கின் மேல் அடுக்கு வழுக்கிச் செல்லும் சாதாரணப் பாய்ச்சலில் அது உடையாமல் சுழன்றுகொண்டே இருக்கும். இழுத்து நீட்டும் பாய்ச்சல்தான் அதை உடைக்கும். மிகப் பாகான துளிகள் இப்படி முரண்டுபிடிப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் 1934இலேயே சோதனையில் காட்டியிருக்கிறார். உடைந்த துளிகளும், உருகல் அசையாமல் கிடந்தால், மறுபடி ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன.

பாலிபுரோப்பிலீனையும் பாலிஎத்திலீனையும் கலந்த ஒரே மூட்டைத் துகள்களில் நான் வார்த்த இரண்டு சோதனைப் பட்டைகளைச் சொல்கிறேன். குளிர்ந்த அச்சுக்குள் வேகமாகச் செலுத்தியதை வளைத்தபோது, உருகல் நுழைந்த வாயிலருகே மேல்தோல் மெல்லிய ஏடுகளாக உரிந்து வந்தது. அச்சுச் சுவரை ஒட்டிய பாய்ச்சலில் துளிகள் தட்டையாக நீண்டு, அப்படியே உறைந்துவிட்டிருந்தன. சூடான அச்சுக்குள் நிதானமாகச் செலுத்தியது வளைந்ததே தவிர உரியவில்லை. அதற்காக அதையே சிறந்தது என்றும் சொல்வதற்கில்லை: மெதுவாகக் குளிரும்போது படிகங்கள் கூடுதலாக வளர்வதால் விறைப்பு ஏறும், அடி தாங்கும் திறன் குறையலாம்.

இணக்கப்பொருள் (கலக்காத இரு பிளாஸ்டிக்குகளை ஒன்றோடொன்று பிணைக்க உதவும் சேர்மானம்) சேர்த்தால் துளிகள் ஒட்டிப் பெருப்பது குறையும் என்று கட்டுரை கூறுவது சரியே. அந்த இணக்கப்பொருளும், இரண்டு பிளாஸ்டிக்குகளும் சந்திக்கும் எல்லைக்குப் போய்ச் சேரும் அளவுக்குக் கலக்கப்பட்டிருந்தால்தான் பலன் தரும்.

ஆகவே, கட்டுரையாளரிடம் கேட்டு, ஒவ்வொரு கலவைக்கும் உருக்கிய வெப்பநிலை, ஸ்க்ரூ வேகம், அச்சின் வெப்பநிலை ஆகியவற்றை அடுத்த இதழிலாவது வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்