சைலோட்டம் பெரணிகளோட மூதாதை இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த பெரணி கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், பாம்பு நாக்கு பெரணிக்கு அவ்வளவு இடம் கொடுத்ததே பெரிய சந்தோஷம், ஆனா சைலோட்டம்ங்கற செடியோட படத்துக்குக் கீழ "எல்லா பெரணிகளுக்கும் மூதாதை"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அத அப்படியே விட மனசு வரல.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுது. சைலோட்டத்துக்கு வேர் கிடையாது, சரியான இலையும் கிடையாது, பச்சைக் குச்சி ரெண்டு ரெண்டா கிளை பிரிஞ்சு நிக்கும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்துல ரைனிங்கற ஊர்ல கிடைச்ச சுமார் 40 கோடி வருஷத்துப் புதைபடிவம் ரைனியாவும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். அதனால அந்தக் காலத்துச் செடிதான் இன்னும் உயிரோட இருக்குன்னு ரொம்ப நாள் பாடப்புத்தகத்துலயே எழுதினாங்க. ஆனா 2001ல நேச்சர் இதழ்ல வந்த டிஎன்ஏ ஆய்வுல சைலோட்டத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யாருன்னா அதே பாம்பு நாக்கு பெரணி குடும்பம், ஓஃபியோகிளாசேசி! 2016ல வந்த வகைப்பாட்டுலயும் ரெண்டையும் ஒரே துணைவகுப்புலதான் வெச்சிருக்காங்க.

யோசிச்சா பொருத்தமாவும் இருக்கு. ரெண்டுக்குமே கேமீட்டோஃபைட், அதாவது ஸ்போர்ங்கற வித்துத்தூள்ல இருந்து முளைச்சு பாலணு உண்டாக்கற சின்னத் தலைமுறை, மண்ணுக்கடியில பச்சையமே இல்லாம பூஞ்சையோட தயவுல வாழுது. பாம்பு நாக்குக்கு வேர் உண்டு, ஆனா அதுல வேர்த்தூவி கிடையாது, சைலோட்டத்துல வேரே காணோம். அதாவது வேரே வராத காலத்துச் செடி இல்ல, முன்னோருக்கு இருந்த வேர இழந்துட்ட செடி. எளிமையா இருக்கறது வேற பழமையா இருக்கறது வேற.

நிஜமாவே பழசுன்னு சொல்லணும்னா ஸ்போர் பைய சொல்லலாம். சாதாரண பெரணில அது ஒரே ஒரு செல்லுல இருந்து வளரும், சுவரு ஒரு அடுக்குதான், உள்ள பெரும்பாலும் 64 ஸ்போர். பாம்பு நாக்கு குடும்பத்துல பல செல்லு சேர்ந்து உருவாகுது, தடிச்ச சுவரு, உள்ள ஆயிரக்கணக்குல ஸ்போர், வெடிச்சுத் தெறிக்க வைக்கற வளையமும் கிடையாது. இளம் இலையும் மத்த பெரணி மாதிரி கடிகாரச் சுருளா சுருண்டு வராது.

அதே குடும்பத்துல ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம்ங்கற பாம்பு நாக்கு இனத்த எடுத்துக்கிட்டா ஒரு செல்லுல 1260 குரோமோசோம், நமக்கு 46தான். மரபுத்தொகுதி திரும்பத் திரும்ப இரட்டிச்சு வந்த கணக்கு இது, ஆதியில இருந்தே அப்படி இருந்ததில்ல. ஒரே செடியில ஒரு அம்சம் பழசு, இன்னொண்ணு புதுசு, கட்டுரையில இத ஒரு பத்தியாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழ்ல அந்த "மூதாதை"ங்கற வார்த்தைய மட்டும் திருத்திப் போடுங்க. படத்த மாத்திடாதீங்க, அந்த மூணு மடல் ஸ்போர் பை அவ்வளவு தெளிவா வந்திருக்கு.

இப்படிக்கு,
தாவரவியல் படிச்ச ஒரு வாசகி