மேபிள் லீஃப்ஸ் குறித்து எட்மன்ரன் நண்பருக்கு

ஸ்காபரோ,
2025 யூலை 20

அன்புள்ள நடேசன்,

உமது கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்ற செய்தி வீட்டில் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். உங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணியான ஒயிலர்ஸ் இரண்டாவது ஆண்டாகவும் இறுதித் தொடரில் ஃபுளோரிடாவிடம் தோற்றதைப் பற்றி நீர் எழுதியிருந்ததை வாசித்தபோது மனம் கனத்தது. ஆனாலும் உமது துயரம் இறுதித் தொடர் வரை போய்த் தோற்றவர்களின் துயரம். நாங்கள் இங்கே 1967 இல் ஸ்ரான்லி கிண்ணத்தை வென்ற பின்னர் இன்றுவரை ஒருமுறைகூட இறுதித் தொடரில் ஆடாத ரொறன்ரோ மேபிள் லீஃப்ஸ் அணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நட்சத்திர வீரர் மிச் மார்னர் வேகஸ் அணிக்குப் போனது பற்றி என்ன நினைக்கிறீர், இனியாவது இந்த அணி மாறுமா என்று கேட்டிருந்தீர். நேரில் கதைத்தால் இரவு முழுதும் கதைக்கலாம். எழுதும்போது ஓர் ஒழுங்கில் சொல்ல முயல்கிறேன்.

மார்னருக்கு இங்கே ஒன்பது பருவங்கள், கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்த்து 741 புள்ளிகள். சென்ற பருவத்தில் மாத்திரம் 102. இந்த நகரத்தின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளை. அணிகள் ஆண்டுதோறும் முறைவைத்து இளைஞர்களை எடுக்கும் தெரிவில் 2015 இல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவருக்குக் கைமாறாக வந்தவர் நிக்கொலா ருவா என்ற ஒரு நடுக்கள வீரர் மட்டுமே. மே மாதம் ஃபுளோரிடாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் சொந்த அரங்கிலேயே 6–1 என்று தோற்ற இரவில், முன்வரிசை ரசிகர்கள் சட்டைகளைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்ததை நீரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர். அந்தக் கோபம் முழுவதும் மார்னர் மீதும் ஓஸ்ரன் மத்தியூஸ் மீதும் திரும்பியது. பெரிய ஆட்டங்களில் இவர்களுக்கு நெஞ்சுரம் இல்லை என்பதுதான் இங்கே தேநீர்க் கடையிலிருந்து தொலைக்காட்சி வரை எல்லோரும் சொல்லும் தீர்ப்பு. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் முக்கியமான குற்றம் பனித்தளத்தில் நடந்ததல்ல, அலுவலகத்தில் நடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணக்கைப் பாரும். 2018 யூலை முதலாம் திகதி ஜோன் தவாரஸ் ஏழு ஆண்டுகளுக்கு 77 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமானார். அதே டிசம்பரில் வில்லியம் நைலாண்டர், அடுத்த ஆண்டில் மத்தியூஸும் மார்னரும் கையெழுத்திட்டார்கள். 2019–20 பருவத்தில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 81.5 மில்லியன்; இந்த நால்வரின் பங்கு ஏறத்தாழ 40.5 மில்லியன். எஞ்சிய பத்தொன்பது பேர் வரையில் மற்றப் பாதியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெருந்தொற்று வந்து உச்சவரம்பு மேலும் இரண்டு பருவங்களுக்கு அதே இடத்தில் நின்றது. அதை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பதை நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், பாதிப் பணத்தை நால்வருக்குக் கொடுத்த அணிக்கு வேறெந்த அணியையும் விட அவசியமானவர்கள் யார்? முதல் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்கும் குறைவான அடிப்படைச் சம்பளத்துக்கு ஆடக்கூடிய, தானே தெரிவு செய்து தானே வளர்த்தெடுத்த இளைஞர்கள். நால்வருக்குக் கொடுத்த சம்பளம் தவறு என்று நான் வாதாடவில்லை. அந்தச் சம்பளத்தைக் கொடுத்த பின்னர் இளைஞர்களை விற்றதுதான் தவறு.

ஒவ்வொரு ஆண்டும் நடந்ததை நினைத்துப் பாரும். 2019 இன் முதற்சுற்றுத் தெரிவு, அதாவது முதற்சுற்றில் ஓர் இளைஞரை எடுக்கும் உரிமை, ஜேக் மசினுக்காகப் போனது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நல்ல பின்கள வீரர், கழுத்துக் காயம் வரும்வரை தன் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் 2020 இன் தெரிவு போன விதம் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது. முப்பத்தேழு வயதில் ஒப்பந்தமான பற்றிக் மார்லோவின் கடைசி ஆண்டுச் சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்குவதற்காக, அவரோடு சேர்த்து அந்தத் தெரிவையும் கரோலைனாவுக்குக் கொடுத்தார்கள். கரோலைனா பதின்மூன்றாம் இடத்தில் செத் ஜார்விஸை எடுத்தது. 2023–24 இல் அவர் 33 கோல்கள் அடித்தார். 2021 இன் தெரிவு நிக் ஃபொலினோவுக்காகப் போனது. அவர் காயத்தோடு வழக்கமான பருவத்தில் ஏழு ஆட்டங்களும், பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃபில் நான்கும் ஆடிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆண்டின் தெரிவு நிகழ்வில் ரொறன்ரோவின் கையில் மொத்தமாக மூன்றே தெரிவுகள் இருந்தன. அந்த மூன்றில் ஒன்றாக, 57 ஆம் இடத்தில், மத்தியூ நைஸ் கிடைத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியைவிட ஏக்கமே அதிகம் வருகிறது. மூன்று தெரிவில் ஒரு நைஸ் கிடைத்தார் என்றால் ஏழு சுற்றுக்கும் ஏழு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. விதைநெல்லைக் குற்றிச் சமைத்துவிட்டு அடுத்த போகத்துக்கு வானத்தைப் பார்ப்பது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாத ஒரு துயரமும் உண்டு. காஸ்பரி கப்பானனை பிற்ஸ்பேர்க்குக்குக் கொடுத்துப் பெற்ற தெரிவில், 2020 இல் பதினைந்தாம் இடத்தில், றோடியோன் அமிரோவ் என்ற ரஷ்ய இளைஞரை எடுத்தார்கள். மூளையில் கட்டி வந்து 2023 ஓகஸ்டில், இருபத்தொரு வயதில், அவர் இறந்துவிட்டார். அந்தத் தெரிவை எந்தக் கணக்கிலும் நான் சேர்ப்பதில்லை.

தெரிவுகளைக் கொடுத்ததுகூட ஒரு பங்குதான். கையில் இருந்த பிள்ளைகள் பழுக்கும்வரை காத்திராததுதான் எனக்கு அதைவிடப் பெரிய ஆற்றாமை. 2018 இல் லீஃப்ஸின் கீழ் அணியான மார்லீஸ் கீழ் லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றபோது, இனி லீஃப்ஸுக்குக் குறைவில்லை என்று நாம் இருவரும் தொலைபேசியில் எவ்வளவு நேரம் கதைத்தோம்! அந்த அணியில் இருந்த மேசன் மார்ச்மென்ற் எவராலும் தெரிவு செய்யப்படாத பெடியன். மார்லீஸ் பயிற்சியில் வளர்ந்தவர். 2020 பெப்ரவரியில் அவரை டெனிஸ் மல்கினுக்காக ஃபுளோரிடாவுக்குக் கொடுத்தார்கள். 2021–22 இல் அங்கே 54 ஆட்டங்களில் 47 புள்ளிகள் எடுத்தார். அதே பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலஸுக்குப் போன ட்ரெவர் மூர் பின்னர் ஒரு பருவத்தில் 31 கோல்கள் அடித்தார். அதற்கும் முன்னர், 2013 இல் மூன்றாம் சுற்றில் எடுத்த காட்டர் வெர்ஹேகியை, லீஃப்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், மைக்கல் கிராப்னருக்காகக் கொடுத்த ஐந்து பேரில் ஒருவராக அனுப்பிவிட்டார்கள். அவர் கீழ் லீக்குகளில் உழைத்து ரம்பா பேயில் ஒரு கிண்ணமும் ஃபுளோரிடாவில் இரண்டு கிண்ணங்களும் வென்றிருக்கிறார். இந்த மே மாதம் எங்களை வெளியேற்றிய அணியின் முன்வரிசையில் நின்றவரும் அவர்தான். ஒரு வீரர் இருபத்திரண்டு, இருபத்துநான்கு வயதில்தான் முழு ஆட்டக்காரராக உருவாகிறார் என்பதை மற்ற அணிகள் அறிந்து காத்திருக்கின்றன. இங்கே இருபது வயதில் எழுச்சி பெறாதவர் பண்டமாற்றுப் பொருளாகிவிடுகிறார்.

எங்களிடமிருந்து போன நாஸெம் காட்ரியையும் ஸக் ஹைமனையும் பற்றி உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. காட்ரி 2018, 2019 பிளேஓஃப்களில் தடைபெற்றுப் பொறுமையைச் சோதித்தார் என்பது உண்மை. ஆனால் 4.5 மில்லியன் சம்பளத்தில், 2022 வரை ஒப்பந்தம் இருந்த அத்தகைய நடுக்கள வீரரை விட்டுவிட்டுப் பெற்றதில் எதுவும் நிலைக்கவில்லை. அவரோ முறிந்த பெருவிரலுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்து, 2022 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் வெற்றிக் கோலை அடித்துக் கொலராடோவோடு கிண்ணத்தைத் தூக்கினார். லெபனான் வேர்கொண்ட குடும்பத்துப் பிள்ளை அந்தக் கிண்ணத்தை லண்டன் ஒன்ராரியோவின் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனபோது, எங்களைப் போல் வந்து குடியேறிய எத்தனையோ வீடுகளில் கண் கலங்கியிருக்கும். அவர் அதை லீஃப்ஸின் நீலச் சட்டையில் செய்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஹைமன் உங்கள் ஊருக்கு வந்து 2023–24 இல் 54 கோல்களும், அந்த பிளேஓஃபில் 16 கோல்களும் அடித்ததை நீர் நேரில் பார்த்தவர். நால்வருக்கும் கொடுத்த பின் அவருக்குக் கொடுக்கப் பணம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

இது டூபாஸ் என்ற ஒரு பொது முகாமையாளரின் காலத்து நோய் மட்டுமல்ல என்பதை நீர் என்னைவிட நன்றாக அறிவீர். 2006 இல் கோல்காப்பாளர் துக்கா ராஸ்க்கை அன்ட்ரூ றேக்றொஃப்டுக்காகப் பொஸ்ரனுக்குக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். 2013 இல் ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 4–1 என்று முன்னிலையில் இருந்து தோற்ற இரவிலும், 2018 இலும், 2019 இலும், எதிர்ப்பக்கம் கோல் வாயிலில் நின்றவர் அந்த ராஸ்க்தான். 2009 இல் ஃபில் கெசலுக்காகக் கொடுத்த தெரிவுகளில் பொஸ்ரனுக்கு டைலர் செகினும் டகி ஹமில்ரனும் கிடைத்தார்கள். ஆட்கள் மாறுகிறார்கள், அவசரம் மாறுவதில்லை. 2014 இல் பிரென்டன் ஷனகன் தலைவராக வந்தபோது இந்த அவசரத்தைத்தான் நிறுத்துவார் என்று நம்பினோம். முதல் இரண்டு ஆண்டுகள் அவர் நிறுத்தியும் காட்டினார். மார்னரும் மத்தியூஸும் கிடைத்தது அந்தப் பொறுமையால்தான். பின்னர் பொறுமை போய்விட்டது. இந்த மே மாதம் அவரும் போய்விட்டார்.

உச்சவரம்பின் கீழ் நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு வெல்ல முடியாது என்பவர்களுக்கு ரம்பா பேயைத்தான் காட்டுவேன். 2011 இல் குச்சரோவ் 58 ஆம் இடம். பலாட் 208 ஆம் இடம், ஏழாம் சுற்று. 2014 இல் பிரேடன் பொயின்ற் 79 ஆம் இடம். யானி கூர்ட் தெரிவே செய்யப்படாதவர். பலாட்டைக் கீழ் அணியில் பயிற்றுவித்துக் கால்டர் கிண்ணம் வென்ற ஜோன் கூப்பரே பின்னர் மேல் அணியிலும் பயிற்றுநரானார். கீழ் அணியில் எப்படி ஆடக் கற்றார்களோ அப்படியே மேலேயும் ஆடினார்கள். ரொறன்ரோவும் மார்லீஸின் பயிற்றுநர் ஷெல்டன் கீஃபை 2019 நவம்பரில் மேலே கொண்டுவந்தது. ஆனால் அவர் கையில் கிண்ணம் வென்ற பிள்ளைகளில் பலர் அடுத்த சில ஆண்டுகளுக்குள் வேறு அணிகளின் சட்டையை அணிந்திருந்தார்கள்.

நட்சத்திரங்கள் இளமையாக இருக்கும்போது எல்லாவற்றையும் பணயம் வைக்காமல் எப்போது வைப்பது என்று முன்பொரு கடிதத்தில் நீர் கேட்டிருந்தீர். நியாயமான கேள்வி. ஒரு முறை, இரு முறை வைக்கலாம், ரம்பாவும் வைத்தது. ஆனால் பணயம் வைப்பதற்கு முன்னரே கீழிருந்து வந்தவர்கள் அங்கே மூன்றாம், நான்காம் வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். இங்கே வெளியிலிருந்து வாங்கியவர்களே அடித்தளமாகவும் இருந்தார்கள். இந்த ஆண்டு பிளேஓஃபில் ஆடிய பின்கள வீரர்களை எண்ணிப் பாரும்: ரனெவ், மக்கேப், எக்மன்-லார்சன், கார்லோ, பெனுவா, ரைலி. ரொறன்ரோ தானே தெரிவு செய்தவர் மோர்கன் ரைலி ஒருவர் மட்டுமே. அவரை எடுத்தது 2012 இல்.

இப்போதைய முகாமையாளர் பிராட் ட்ரீலிவிங் கடந்த மார்ச்சில் செய்ததும் என்னைக் கவலைப்படுத்துகிறது. பிரண்டன் கார்லோவுக்காக 2026 முதற்சுற்றுத் தெரிவும் ஃபிரேசர் மின்ரனும் போயின. ஸ்கொட் லோட்டனுக்காக 2027 முதற்சுற்றுத் தெரிவும் நிக்கிற்றா கிரெபென்கினும் போயின. இந்த ஆண்டுத் தெரிவோ மக்கேப்புக்காக ஏற்கெனவே சிக்காகோவுக்குப் போய்விட்டது. இடம் மிக முன்னால் வந்தால் தெரிவு எங்களிடமே நிற்கும் என்பது போன்ற பாதுகாப்பு நிபந்தனைகள் சில இருந்தாலும், 2028 வரை முதற்சுற்றில் சொந்தமாக ஒருவரை எடுப்போம் என்று உறுதியாக எதிர்பார்க்க முடியாது. மார்னர் இருந்த இடத்தை நிரப்பப் பணம் இருக்கிறது, உச்சவரம்பு 95.5 மில்லியனுக்கு ஏறியிருக்கிறது; தவாரஸும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 மில்லியனுக்குக் குறைத்துக் கையெழுத்திட்டிருக்கிறார். ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு முப்பது வயதைத் தாண்டிய இன்னும் இருவரை வாங்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன்.

நைஸ் ஆறு ஆண்டுகளுக்கு ஒப்பந்தமானது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. இரண்டு ஆண்டுகள் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடவிட்டு, அவசரப்படுத்தாமல் கொண்டுவந்த பிள்ளை. சென்ற பருவத்தில் 29 கோல்கள். இதே முறையை எங்கள் இளம் வீரர் ஈஸ்ரன் கோவனிடமும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல். அவர் ஆடிய லண்டன் நைற்ஸ் யூன் மாதம் இளையோருக்கான மெமோரியல் கிண்ணத்தை வென்றபோது தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்ததை நீர் வாசித்திருப்பீர். வயது இருபதுதான். அவரை ஒக்ரோபரிலேயே மேலே ஆடவிடலாமா, அல்லது மார்லீஸில் ஒரு பருவம் முழுக்க முதல் வரிசையில் நிறைய நேரம் ஆடவிட்டுக் கொண்டுவர வேண்டுமா என்று என் மகனும் நானும் நாளும் வாதாடுகிறோம். மகன் உடனே என்கிறான். நான் மார்லீஸ் என்கிறேன். நான்காம் வரிசையில் ஓர் ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் ஆடி எவரும் தாக்குதல் ஆட்டத்தைக் கற்றதில்லை. அதைவிட, பெப்ரவரியில் யாராவது ஒரு மூத்த வீரருக்காக அவரைக் கேட்டு வரும் தொலைபேசிக்கு இல்லை என்று சொல்ல வேண்டும்.

ஒயிலர்ஸின் இளையவர்கள் கீழ் அணியான பேக்கர்ஸ்ஃபீல்டில் எப்படி வளர்க்கப்படுகிறார்கள் என்பதை நீர் நெருங்கிக் கவனிப்பவர். ஆகவே கோவன் விடயத்தில் உமது எண்ணத்தை எழுதும், மகனுக்கும் காட்டுவேன். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்லும்.

என்றும் அன்புடன்,
குலம்